மூன்றாவது மாத்திரையா, காந்தமா?

*மனச்சோர்வுக்கு மூளையைக் காந்தத்தால் தூண்டும் சிகிச்சை பெருநகரங்களின் விளம்பரப் பலகை வரை வந்துவிட்டது. இந்த மெஷினால் எது ஆகும், எது ஆகாது, இதற்கான செலவு யார் தலையில் விடிகிறது?*

சாய்வு நாற்காலியில் ஒரு பெண். நாற்பது வயது என்று வைத்துக்கொள்வோம். கம்மல், மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாயிற்று. செல்போன் வெளியே. இரண்டு காதிலும் சத்தத்தைத் தடுக்கும் அடைப்பான். தலையின் இடப்பக்கத்தில், படுக்கப்போட்ட எட்டு வடிவில் ஒரு காயில் மெல்ல வந்து அமர்கிறது.

“வலது கையை மடியில வெச்சுக்கோங்கம்மா. இறுக்காதீங்க, சும்மா தளர்வா விடுங்க” என்கிறார் டெக்னீஷியன்.

‘டக்.’ ஒன்றும் நடக்கவில்லை. காயிலை அரை சென்டிமீட்டர் நகர்த்துகிறார். ‘டக்.’ சுண்டுவிரல் லேசாக அசைகிறது. இன்னும் கொஞ்சம் நகர்த்தி, விசையை ஒரு புள்ளி ஏற்றுகிறார். ‘டக்.’ மடியில் கிடந்த கட்டைவிரல் தானாகத் துள்ளுகிறது.

“நான் அசைக்கலையே!”

“தெரியும்மா. மெஷின்தான் அசைச்சது.”

இந்தச் சிகிச்சை நடக்கும் எந்த அறையிலும் முதல் நாள் காட்சி ஏறக்குறைய இதுதான். விரல் துள்ளுவது வேடிக்கைக்காக அல்ல. மண்டையோட்டின் தடிமனும், தோலுக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தூரமும் ஆளுக்கு ஆள் மாறும். எனவே ஒருவருக்கு எவ்வளவு விசை வைப்பது என்பதற்கு விரல்தான் அளவுகோல். விரலைத் துள்ளவைக்கும் குறைந்தபட்ச விசையைக் கண்டுபிடித்து, அதைப்போல 120 சதவீதம் வைப்பது வழக்கம். பிறகு காயிலை அந்த இடத்திலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னே, நெற்றி மேட்டுக்கு அருகே நகர்த்துவார்கள். விரலுக்கு இனி வேலை இல்லை. நான்கு நொடி படபடவென அடிக்கும், 26 நொடி ஓய்வு. முப்பத்தேழரை நிமிடத்தில் 3,000 துடிப்பு. மயக்க மருந்து கிடையாது. முடிந்ததும் எழுந்து கம்மலைப் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம்.

இதற்குச் சுருக்கப் பெயர் டி.எம்.எஸ். மண்டையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை.

இண்டக்‌ஷன் அடுப்பின் இயற்பியல்

இதைக் கேட்டதும் பலரும் கேட்பது, “அப்போ ஷாக் வைக்கிறாங்களா?” இல்லை. நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக்கொண்டால் போதும். அடுப்பிலிருந்து பாத்திரத்துக்கு ஒயர் எதுவும் போகவில்லை. கீழே உள்ள சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், மேலே உள்ள பாத்திரத்திலேயே மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது. டி.எம்.எஸ்.ஸில் பாத்திரத்தின் இடத்தில் இருப்பது மூளையின் மேலடுக்கு. காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நரம்புகளைச் சுண்டிவிடுகிறது. காந்தத்தின் வலிமை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அளவுக்கு இருக்கும். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறைந்துவிடும்.

மைக்கேல் ஃபாரடே இந்த விதியைக் கண்டது 1831-இல். 1902-லேயே வியன்னாவில் இருவர், மனச்சோர்வுக்கு மின்காந்தம் என்று பேடன்ட் கேட்டு விண்ணப்பித்தார்கள். அவர்களிடம் ஆசை இருந்தது, போதிய சக்தியுள்ள மெஷின் இல்லை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கர் குழு செய்த கருவிதான் மனித மூளையை வெளியிலிருந்து வலியில்லாமல் தூண்டிக் காட்டியது. நரம்புச் சோதனைக்காகச் செய்த கருவி அது. பத்தாண்டு கழித்து, 1995-இல், அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஜார்ஜ் மாத்திரைக்கு மசியாத ஆறே ஆறு நோயாளிகளிடம் அதை முயன்று பார்த்தார். சிலருக்கு மனம் லேசானது. அங்கிருந்து கிளம்பியதுதான் இன்றைய சந்தை.

ஏன் இடப்பக்க நெற்றி? மனச்சோர்வில் மூளையின் இடது முன்பகுதி மந்தமாக இருப்பதாகப் பழைய ஸ்கேன்கள் காட்டின. பிறகு வந்த ஆய்வுகள் கதையைக் கொஞ்சம் மாற்றின. நடுமூக்கின் நேர் பின்னே, ஆழத்தில், துக்கத்தோடு தொடர்புடைய ஒரு சிறு பகுதி உண்டு. காந்தம் அவ்வளவு ஆழம் எட்டாது. ஆனால் நெற்றி மேட்டின் சில புள்ளிகள் அந்த ஆழப்பகுதிக்கு நேர் எதிராக ஏறி இறங்குகின்றன. அந்தப் புள்ளிகளைத் தூண்டும்போது பலன் கூடுதலாகத் தெரிவதாக 2012-இல் மைக்கேல் ஃபாக்ஸ் குழு எழுதியது. எட்டாத இடத்தை எட்டும் இடத்தின் வழியாகத் தொடுவது என்ற இந்த யோசனையில்தான் அடுத்த தலைமுறை மெஷின்கள் எல்லாம் நிற்கின்றன.

> பெட்டிச் செய்தி: யாருக்கு ஆகாது?
>
> தலைக்குள் உலோகம் உள்ளவர்களுக்கு ஆகாது. மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குக் கிளிப் போட்டவர்கள், காதில் காக்ளியர் இம்பிளான்ட் பொருத்தியவர்கள் மெஷின் பக்கமே போகக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் முதலில் சொல்லிவிட வேண்டும்.
>
> பல்லில் வைக்கும் சாதாரண அடைப்பு பெரும்பாலும் தடையில்லை.
>
> முக்கிய ஆபத்து வலிப்பு. மிக அரிது, ஆயிரம் நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவு. ஏற்கெனவே வலிப்பு வந்தவர்களும், குடியைத் திடீரென நிறுத்தியவர்களும், தூக்கம் கெட்டவர்களும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.
>
> சாதாரணமாக வருபவை தலைவலி, காயில் வைத்த இடத்தில் வலி, முகத்தசை துடிப்பு. முதல் வாரத்துக்குப் பின் பலருக்கும் குறைந்துவிடும்.

நாலாவது மாத்திரை என்னும் முட்டுச்சந்து

இந்தச் சிகிச்சைக்கு ஏன் இத்தனை வரவேற்பு என்று புரிய மாத்திரையின் கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சுமார் நாலாயிரம் நோயாளிகளை வைத்து நடந்து 2006-இல் முடிவு வெளியான ‘ஸ்டார்-டி’ என்ற ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. முதல் மாத்திரையில் முழுசாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதில் தேறாதவர்களுக்கு இரண்டாவது. அதிலும் தேறாதவர்களுக்கு மூன்றாவது, நான்காவது. அந்தக் கடைசி இரண்டு படிகளில் தேறியவர்கள் நூற்றுக்கு 13, 14 பேர்தான்.

இரண்டு மாத்திரை மாற்றியும் எழுந்து நிற்க முடியாதவரிடம் “இன்னொன்று பார்ப்போம்” என்று டாக்டர் சொல்லும்போது, இருவருக்குமே அந்த வார்த்தையில் பெரிய நம்பிக்கை இருப்பதில்லை. உடம்பு பருத்து, வாய் உலர்ந்து, தாம்பத்திய ஆசை வற்றிப்போய், இத்தனைக்குப் பிறகும் காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்றால் அடுத்த வழியைத் தேடுவது மனித இயல்பு.

இங்கேதான் காந்தத்துக்கு நியாயமான இடம் இருக்கிறது. நெதர்லாந்தில் 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே கேட்டது: இரண்டு மாத்திரைக்காவது மசியாதவருக்கு இன்னொரு மாத்திரையா, டி.எம்.எஸ்.ஸா? மொத்தம் 89 பேர். காந்தம் பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் முழுசாகத் தேறினார்கள். மாத்திரை மாற்றியவர்களில் 5 சதவீதம். இரு தரப்புக்கும் மனநல ஆலோசனையும் சேர்ந்தே நடந்தது.

இருபத்தேழு பெரிய எண் அல்ல. நாலில் மூன்று பேர் முழுசாகத் தேறவில்லை என்று அர்த்தம். ஆனால் பக்கத்தில் நிற்கும் ஐந்தைப் பாருங்கள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லும் விளம்பரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் எண் மட்டும் வந்தால் நோயாளி தயங்குவார், இரண்டாவது மட்டும் வந்தால் பயப்படுவார் என்பதால் இருக்கலாம்.

பெரும்பாலும் அமெரிக்காவில், 301 பேரிடம் நடந்த பெரிய பரிசோதனை 2007-இல் வெளியானபோது, முன்கூட்டி வகுத்த முக்கிய அளவுகோலில் மயிரிழையில் தவறியது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008 அக்டோபரில் அனுமதி கொடுத்தபோதும் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. ஒரு மாத்திரை பார்த்துப் பலிக்காதவர்களுக்கு என்று வரம்பு போட்டது. 2018-இல் கனடாவில் 414 பேரிடம் நடந்த சோதனைதான் நடைமுறையை மாற்றியது. முப்பத்தேழரை நிமிடச் சிகிச்சையையும், துடிப்புகளை வேறு தாளத்தில் அடுக்கி மூன்றே நிமிடத்தில் முடிக்கும் முறையையும் ஒப்பிட்டார்கள். முழுசாகத் தேறியவர்கள் பழைய முறையில் 27 சதவீதம், புதிய முறையில் 32 சதவீதம். குறுகிய முறை சளைத்ததல்ல என்று ஆயிற்று. ஒரே மெஷினில் ஒரு நாளைக்கு ஆறேழு பேரைப் பார்த்த இடத்தில் இப்போது பல மடங்கு பேரைப் பார்க்கலாம். செலவு அந்த அளவு குறைந்ததா என்பது வேறு கதை.

போலி மெஷினில் தேறியவர்கள்

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வெற்றி பெற்ற ஆய்வு அல்ல, தோற்ற ஆய்வு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 164 பேரிடம் நடந்து 2018-இல் வெளியானது. பாதிப் பேருக்கு உண்மையான காந்தம். மீதிப் பேருக்குப் போலி: அதே நாற்காலி, அதே காயில், அதே ‘டக் டக்’, தோலில் ஒரு சுண்டல், மூளைக்கு மட்டும் எதுவும் போகாது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை தருபவருக்கும் தெரியாது.

உண்மையான காந்தத்தில் முழுசாகத் தேறியவர்கள் 41 சதவீதம். போலியில் 37 சதவீதம்.

“அப்படியென்றால் காந்தம் பித்தலாட்டம்தானே” என்று முடித்துவிடலாம். அது அவசரம். மற்றப் பல ஆய்வுகளில் போலியைவிட உண்மைக் காந்தம் தெளிவாக முந்தியிருக்கிறது. யோசிக்க வேண்டியது போலியில் தேறிய அந்த 37 சதவீதம் பேரைப் பற்றி. பல ஆண்டுகளாக மாத்திரைக்கு மசியாதவர்கள் இவர்கள். பலருக்குப் போர்க்கள நினைவுகளின் பாதிப்பும் உண்டு. இவர்களைத் தேற்றியது எது?

ஒரு நாள் எப்படிப் போனது என்று பார்த்தால் புரிகிறது. காலையில் எழுந்தாக வேண்டும். குளித்து, தலை வாரி, வெளியே கிளம்பியாக வேண்டும். ஒருவர் பெயர் சொல்லி வரவேற்கிறார். நேற்றுத் தூங்கினீர்களா என்று விசாரிக்கிறார். நாளையும் இதே நேரம் என்கிறார். வராவிட்டால் போன் வருகிறது. மனச்சோர்வு பிடுங்கிக்கொண்ட ஒழுங்கை மெஷினின் சாக்கில் யாரோ திருப்பிக் கொடுக்கிறார்கள், வாரம் ஐந்து நாள், பல வாரம்.

மருத்துவ ஆய்வாளருக்கு இது தொல்லை. கழித்துவிட வேண்டிய கணக்கு. நமக்கு இது செய்தி. மெஷின் வாங்க வசதியில்லாத மாவட்ட மருத்துவமனைக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கவும், வராவிட்டால் போன் செய்யவும் முடியும். நம் மனநல வெளிநோயாளிப் பிரிவுகளில் வரிசை நகரும் வேகத்தில் அது நடக்கிறதா என்பதை அந்த வரிசையில் நின்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஐந்து நாள், தொண்ணூறாயிரம் துடிப்பு

இன்றைய பரபரப்புக்கெல்லாம் காரணம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நோலன் வில்லியம்ஸ் குழு வடிவமைத்த ‘செயின்ட்’ என்ற முறை. ஆறு வாரச் சிகிச்சையை ஐந்து நாளில் அடைத்துவிடுகிறது. ஒரு நாளைக்குப் பத்து அமர்வு, ஒவ்வொன்றிலும் 1,800 துடிப்பு, ஐந்து நாளில் 90,000. முன்னதாக எம்.ஆர்.ஐ. எடுத்து, அவரவர் மூளையில் ஆழப்பகுதியோடு பிணைந்திருக்கும் புள்ளி எது என்று கண்டுபிடித்துக் குறிவைக்கிறார்கள்.

2020-இல் வந்த முதல் ஆய்வில் 21 பேரில் 19 பேர் தேறினார்கள். எங்காவது ‘90 சதவீத வெற்றி’ என்று பார்த்தால் அதன் வேர் பெரும்பாலும் இங்கேதான். அதில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சையே கிடையாது. அடுத்து, போலியோடு ஒப்பிட்ட ஆய்வில் உண்மைக் காந்தம் பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் தேறினார்கள், போலியில் 13 சதவீதம். எஃப்.டி.ஏ. 2022-இல் அனுமதி தந்தது. எண்கள் மலைக்கவைக்கின்றன. ஆனால் இரண்டு தரப்பையும் சேர்த்து மொத்தம் 29 பேர்தான். பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்திய ஆய்வு வேறு. அப்படி நிறுத்தியவை பலனை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டுவது மருத்துவ உலகம் அறிந்த விஷயம்.

ஸ்கேன் எடுத்துக் குறிவைப்பதும் இன்னும் தீராத வழக்குதான். பிரிட்டனில் 255 பேரிடம் நடந்து 2024-இல் முடிவு வெளியான சோதனை, மூளை இணைப்பைப் பார்த்துக் குறிவைத்த முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டது. இரு தரப்பும் தேறியது, வித்தியாசம் இல்லை. அங்கே பயன்படுத்திய குறி வேறு, ஒரு நாளைக்கு இத்தனை அமர்வும் இல்லை என்று ஸ்டான்ஃபோர்டு பக்கம் நிற்பவர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆனால் ‘ஸ்கேன் பேக்கேஜ்’ என்று தனியாகப் பணம் கேட்கும் இடத்தில் இந்த 255 பேரையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஐந்து நாள் முறைக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, மாத்திரை வேலை செய்யச் சில வாரம், பழைய டி.எம்.எஸ்.ஸுக்கு ஆறு வாரம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இது பெரிய ஆய்வுகளிலும் நின்றுவிட்டால் வெளிநோயாளிச் சிகிச்சையாக இருந்தது அவசரச் சிகிச்சையாக மாறிவிடும்.

‘ஷாக்’கை ஓரங்கட்டுமா?

அவசரத்துக்கு இன்று கையில் உள்ள ஆயுதம் இ.சி.டி. என்ற மின் அதிர்ச்சிச் சிகிச்சைதான். நம் சினிமா அதைச் சித்திரவதையாகவே காட்டிப் பழக்கிவிட்டது. நிஜத்தில் மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்துச் செய்வது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படித்தான் செய்ய வேண்டும் என்கிறது. அவை இல்லாமல் செய்வதற்குத் தடையே போட்டிருக்கிறது. சாப்பாடு தண்ணீர் மறுத்துச் சுவரைப் பார்த்துக் கிடப்பவருக்கும், காதில் குரல் கேட்டு நடுங்கும் கடும் மனச்சோர்வுக்காரருக்கும் இ.சி.டி. தரும் பலனைக் காந்தம் இன்னும் தரவில்லை. பதிலுக்கு, இ.சி.டி.யில் சில காலம் ஞாபகம் தடுமாறும். காந்தத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஷாக் பயத்தைச் சொல்லியே காந்தத்தை விற்கும் போக்கு கவலை தருகிறது. இ.சி.டி. தேவைப்படுபவரைக் குடும்பம் ‘அது வேண்டாம், காந்தம் வைங்க’ என்று பிடிவாதம் பிடித்து வாரக்கணக்கில் தாமதிக்கவைத்தால், இழப்பு நோயாளிக்கு.

ஒரு மண்டலம் யார் வருவார்?

வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். கிட்டத்தட்ட ஒரு மண்டலம். கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் ஒரு மண்டலம் போக வீடு சம்மதிக்கும். மனநல மருத்துவமனைக்கு?

செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஊரில் தையல் வேலை செய்யும் பெண்ணுக்கு டாக்டர் டி.எம்.எஸ். எழுதினால் என்ன ஆகும்? தினமும் காலையில் ரயில். அரை நாள் கூலி போச்சு. பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு யார் இருப்பார்கள்? மாமியாரிடம் என்ன சொல்வது? பல்வலி என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் இன்னும் சிக்கல். ‘அந்தக் குடும்பத்தில் மூளைக்கு வைத்தியம்’ என்ற ஒரு வரி போதும், வரன் திரும்பிப் போக. சிகிச்சை மூன்று நிமிடமாகச் சுருங்கியது ஆய்வுக்கூடத்தில்தான். அவருக்கு அது இன்னும் அரை நாள்.

அடுத்தது பணம். தனியார் மையங்களில் ஒரு அமர்வுக்கே ஆயிரங்களில் கேட்கிறார்கள். முப்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றால், சட்டம் நம் பக்கம்தான்: உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 சட்டத்தின் 21-ஆவது பிரிவு. நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தால்தான் பணம் தரும். காலையில் வந்து மதியம் வீடு திரும்பும் சிகிச்சை அந்தச் சல்லடையில் நிற்பதில்லை. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், நவீன சிகிச்சைகள் என்று பன்னிரண்டைப் பட்டியலிட்டு, அவற்றை ஒதுக்கக் கூடாது என்றது. மண்டையில் துளையிட்டு மின்முனை செருகும் ஆழ்மூளைத் தூண்டல் அந்தப் பட்டியலில் உண்டு. துளையே போடாத டி.எம்.எஸ். இல்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அதுதான் பெரிய பக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம்மில் இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வைச் சந்திக்கிறார். அவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. முதல் மாத்திரைகூட. நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட முழுசாக இல்லை.

மூன்றாவது மாத்திரையா, காந்தமா என்ற கேள்வி மீதமுள்ள 15 சதவீதம் பேரில் சிலருக்கானது. அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை, அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் ஓர் அரசு மருத்துவமனைக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால், தாலுகா மருத்துவமனையில் வாரத்தில் இரண்டு நாள் உட்காரும் மனநல மருத்துவரையும், அவர் எழுதும் மாத்திரை தீர்ந்துபோகாத மருந்தகத்தையும் சொல்வேன். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. முப்பது வருட அனுபவம் நம்மிடம் இருக்கிறது. மெஷின், பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கட்டும். மற்ற இடங்களிலிருந்து அனுப்பப்படுபவர்கள் தங்கிச் சிகிச்சை பெறப் படுக்கையும் அதோடு இருக்கட்டும். தங்க இடமில்லாமல் மெஷின் மட்டும் வந்தால் அது சென்னைக்காரருக்கு மட்டும் வைத்தியம்.

> பெட்டிச் செய்தி: உடனே பேச
>
> மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் எந்தச் சிகிச்சைக்கும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது; கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம்.

தலையில் மாட்டும் ஹெட்செட்

வீட்டிலேயே செய்துகொள்ளும் தம்பி ஒன்றும் சந்தைக்கு வந்திருக்கிறது. பெயர் டி.டி.சி.எஸ். இதில் காந்தம் இல்லை. நெற்றியில் ஈரமான இரண்டு பட்டைகள் வழியே இரண்டு மில்லி ஆம்பியர் என்ற மிக மெல்லிய கரன்ட் அரை மணி நேரம் போகும். விரல் துள்ளாது, தோல் லேசாக அரிக்கும். நரம்பைச் சுண்டிவிடாது, சுண்டினால் துள்ளத் தோதாகத் தயார்படுத்தி வைக்கும்.

ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. பிரேசிலில் ஆந்த்ரே புரூனோனி குழு 245 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணமாகக் கிடைக்கும் எசிட்டலோபிராம் மாத்திரைக்கு இது சமம் என்று நிரூபிக்க முடியவில்லை. ஜெர்மனியில் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வந்த முடிவு, போலியைவிட மேல் இல்லை. அடுத்த ஆண்டே 174 பேர் வீட்டிலிருந்தபடி பத்து வாரம் செய்த ஓர் ஆய்வில், தேறியவர்கள் 45 சதவீதம், போலியில் 22. அந்த ஆய்வில் வீடியோ அழைப்பில் ஆட்கள் கண்காணித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நிம்ஹான்ஸில் கணேசன் வெங்கடசுப்ரமணியன் குழு இதே மெல்லிய கரன்டைச் சிஸோஃப்ரினியா நோயாளிகளின் காதில் கேட்கும் குரல்களுக்கு எதிராகப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. ஆய்வுக்கூடத்தில் அது ஒரு கருவி. ஆன்லைனில் வாங்கி யூடியூப் பார்த்துத் தலையில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. பட்டை உலர்ந்தால் தோல் வெந்துபோகும். அதைவிட மோசம், உள்ளே இருப்பது வெறும் சோர்வா, பைபோலாரின் ஒரு கட்டமா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. பைபோலார் உள்ளவரை மூளைத் தூண்டல் மறுகோடிக்கு, அளவுமீறிய உற்சாகத்துக்குத் தள்ளிவிடக்கூடும்.

அமெரிக்காவில் 2024-இல் ஒரு டி.எம்.எஸ். மெஷினுக்கு 15 வயதிலிருந்தே, மற்றச் சிகிச்சையோடு சேர்த்து, அனுமதி கிடைத்துவிட்டது. நீட் கோச்சிங் போகும் பிள்ளைக்கு ‘மூளை சுறுசுறுப்பாகும்’ என்று யாராவது இதை விற்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அனுமதி மனச்சோர்வு நோய்க்கு, மார்க்குக்கு அல்ல.

பணம் கட்டும் முன்

தேறியவர்களுக்கும் இது ஒரு முறை செய்தால் தீர்ந்துவிடும் வைத்தியம் அல்ல. அமெரிக்காவில் ஓராண்டு தொடர்ந்து கவனித்ததில், பலன் கண்டவர்களில் 62.5 சதவீதம் பேர் அதைத் தக்கவைத்திருந்தார்கள். அவர்களிலும் பலர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் நடுவில் மறுபடி காந்தம் தேவைப்பட்டது. ‘மாத்திரையிலிருந்து விடுதலை’ என்று நினைத்து வருபவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

எனவே, மையத்தின் வரவேற்பறையில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுவிடலாம். நோயைக் கணித்தது மனநல மருத்துவரா, கவுன்சிலரா? இதுவரை எத்தனை மாத்திரை, என்ன அளவில், எத்தனை வாரம் பார்த்தேன் என்று யாராவது குறித்தார்களா? மருந்தின் அளவு போதாமலே ‘மசியவில்லை’ என்ற முத்திரை விழுந்திருக்கலாம். தைராய்டு பார்த்தார்களா? விரலை அளவெடுத்து விசை வைப்பார்களா, எல்லோருக்கும் ஒரே அளவா? சிகிச்சையின்போது வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவர் அறையிலேயே இருப்பாரா? வாரா வாரம் கேள்வித்தாள் கொடுத்து மனநிலையை எண்ணில் குறிப்பார்களா? எத்தனை அமர்வுக்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்துவார்கள்? முப்பதுக்கும் மொத்தமாகப் பணம் கேட்டால், பத்தில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.